உப்பளத்து வழி

"தண்ணிய நிறுத்து," என்றாள் ரஹமத் பீ.

நஜ்மாவின் கையிலிருந்த செம்பு அந்தரத்தில் நின்றது. ஊரில் பெண்கள் மவுத்தானால் உடலைக் குளிப்பாட்டுகிறவள் ரஹமத் பீதான். போர்த்திய துணிக்கு வெளியே நீண்டிருந்த அம்மாவின் வலது காலை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். கெண்டைக்காலின் உட்புறத்தில் பல்பல்லாக ஒரு கறுப்புத் தடம்.

"இன்னாடி இது, பச்சை குத்துன மாதிரி கீது?"

"சைக்கிள் செயின் மை," என்றாள் நஜ்மா.

"இது இருந்தா தோல்ல தண்ணி படாது. குளிப்பாட்டு செல்லாது. எண்ணெய் வச்சித் தேய்ச்சு எடு."

சின்னம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். "நாப்பத்தேழு வயசுல சைக்கிளு! சக்கரைன்னா நடந்தா ஆவாதா? ஆனா நஜ்மா, அக்கா உன்னப் பத்திப் பேசாத நாள் இல்லடி. 'ரோட்ல லாரி வருதுன்னு எம்பொண்ணு போன்ல தேடி எனக்குன்னே ஒரு வழி கண்டுபுடிச்சா'ன்னு மீன்காரிகிட்டகூட சொல்லிகினு இருந்தா."

நஜ்மா எண்ணெயில் விரலைத் தோய்த்தாள்.

பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அது. காலேஜ் சேர்ந்ததும் கொல்லையில் துருப்பிடிக்கப் போட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் அம்மா அதற்கு டயர் மாற்றினாள். பதிமூன்று வயதோடு சைக்கிள் ஓட்டுவதிலிருந்து நிறுத்தப்பட்டவள், முதல் நாள் முருங்கை மரத்தில் மோதினாள். இரண்டாம் நாள் தெருவைத் தாண்டிவிட்டாள். மனைவியை முறைத்த அத்தாவிடம், "பொம்பள ஓட்டுனா சீட்டு தேஞ்சிடுமா?" என்று மல்லுக்கு நின்றவள் நஜ்மாதான். அந்த வீட்டின் முதல் பட்டதாரி, நாக்கில் கத்தி.

போன மாதம் ஒரு காலை. கோவளம் பஸ் நிறுத்தத்தில் ஆபீஸ் வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மணிச் சத்தம். புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹேண்டில்பாரில் மீன் பை ஆட, அம்மா.

"நஜ்மா! ஏய் நஜ்மா! பாரு, ஒரு கைய வுட்டுட்டேன்!"

வேனில் சிரித்தார்கள். பக்கத்து சீட்டு ஜெயப்பிரியா கேட்டாள்: "யாருடி அது?"

"எங்க தெருவுல இருக்கிறவங்க."

அன்று சாயங்காலமே போனில் மேப்பைத் திறந்து, வேன் போகாத வழி ஒன்றைத் தேடி எடுத்தாள். உப்பளத்தோரமாக முட்டுக்காட்டுக் காயல்வரை ஓடும் மண்பாதை. "ரோட்ல லாரிம்மா. இப்படிப் போ. ஒருத்தரும் வரமாட்டாங்க." அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ஒருத்தரும் வராத அந்தப் பாதையில்தான் நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். உப்பளத்தில் வேலை செய்த வரலட்சுமி, வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "மணிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுகினே இருந்துச்சும்மா. புள்ளைங்க வெளாடுதுன்னு நெனச்சிகினேன்." வாசலில் இன்னமும் அதையே சொல்லி அழுதுகொண்டிருக்கிறாள்.

"போயிடுச்சு, வுடு," என்றாள் ரஹமத் பீ.

நஜ்மா விடவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்தாள்.

"வுடுடி, தோலு பிஞ்சிடும். மூடுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பொறுத்துக்கச் சொல்லிக் கேட்டுக்க. எதுனா பேசியிருப்ப."

"இவ இன்னா தப்பு பண்ணா?" என்றாள் சின்னம்மா. "இவள மாதிரி ஒரு பொண்ணு எனக்கில்லையேன்னு கீது."

"சின்னம்மா, அந்த வழி..."

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல."

"போய்க் கைய கழுவிகினு வா," என்றாள் ரஹமத் பீ. "கரிக் கையால அம்மாவுக்குப் போத்துற கஃபன் துணியத் தொடாத."

கொல்லைக் குழாயடியில் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். டயரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நஜ்மா வாளியை வைத்துக் குழாயைத் திறந்தாள். கறுத்த கட்டைவிரல் மணியின் மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தவில்லை.

உள்ளேயிருந்து சின்னம்மா கூப்பிட்டாள். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.