இரண்டு வாசல் உள்ள செயலி

மாதங்கியின் நாவலிலிருந்து செந்தாமரை பையோடு வெளியேறி, சமையலறையில் வந்து உட்கார்ந்து நான்கு நாளாகிறது. அவள்தான் கதாநாயகி. மாதங்கி அவளை அலுவலகம் போகும் பஸ்ஸில் செல்போனில் எழுதினாள். வீட்டில் லேப்டாப்பில் எழுதினாள். அங்கே எழுதியது இங்கே வந்து சேரவில்லை. செல்போனில் கணவனை இழந்தவள், லேப்டாப்பில் இன்னும் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் ஒரே நாள்ல என்னால முடியாதுக்கா," என்றாள் செந்தாமரை. "வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல செயலியாப் பாருங்க. இல்லேன்னா நான் வேற எழுத்தாளரப் பாத்துக்கறேன்."

அன்று வியாழன்.

எழுதும் செயலிகள் தரகர் மூலம்தான் கிடைக்கும். தரகர் தணிகாசலம் ஸ்கூட்டரில் வந்தார். மூவரும் அதிலேயே போனார்கள்.

முதல் செயலியில் நாற்பது அறைகள். குறிப்புகளுக்கு ஒன்று, வரைபடங்களுக்கு ஒன்று, வெட்டிய வரிகளுக்கு ஒரு கிடங்கு. நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது.

"பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இங்கதான் எழுதறாங்க," என்றார் தணிகாசலம்.

"போன்ல திறக்குமா?" என்று கேட்டாள் மாதங்கி.

"போன்ல எதுக்கும்மா? மேசை போட்டு உக்காந்து எழுதுங்க."

மேசை போட்டு உட்காரும் எழுத்தாளராகிவிட மாதங்கிக்கும் ஆசைதான். ஐந்தாவது அறைக்குத் திரைச்சீலைகூட யோசித்துவிட்டாள். செந்தாமரை பையைக் கீழே வைக்கவில்லை.

"எங்க எழுத ஆசைப்படறீங்கன்னு கேக்கலக்கா. எங்க எழுதறீங்க?"

"பஸ்ல. நின்னுகிட்டு. ஒரு கையால."

சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகு இல்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று தணிகாசலம் வண்டியைத் திருப்பினார்.

இரண்டாவது செயலியில் ஒரே ஓர் அறைதான். அலமாரி கிடையாது. நான்கு வெள்ளைச் சுவர்கள். ஒரு கதவு மாதங்கியின் சமையலறைக்குள் திறந்தது. லேப்டாப் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. மறு கதவு ஓடுகிற பஸ்ஸுக்குள் திறந்தது.

"படியில நிக்காதம்மா, ஏறு, ஏறு," என்றார் கண்டக்டர்.

மாதங்கி ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். செந்தாமரை அறையிலேயே நின்றுகொண்டு கதவைச் சாத்தினாள். பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செல்போனிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இங்க ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"யாரு?"

"கேட்டேன். தெரியாதாம். மாதங்கியம்மாவத்தான் கேக்கணுங்கறாரு."

இப்படி ஒருவரை மாதங்கி அதுவரை நினைத்ததேயில்லை. அவருக்கு ஐம்பது வயது என்று கட்டைவிரலால் எழுதினாள்.

"நாப்பத்தஞ்சு," என்றது உள்ளிருந்து ஓர் ஆண்குரல்.

மாதங்கி திருத்தினாள். சமையலறை லேப்டாப்பிலும் அவருக்கு ஐந்து வயது குறைந்தது.