மைனர் பூங்காவனம்

வக்கீல் ராமதாஸ் சொல்லிக்கொடுத்ததை வேதா மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ராஜி ஒப்பந்தம் குழந்தைக்கு நல்லதுதானா என்று முன்சீப் கேட்பார்; நல்லதுதாங்க என்று சொன்னால் போதும். புருஷன் வேணு, கிணற்றில் மோட்டார் போடப் போய்ப் பிணமாக மேலே வந்த பிறகு, நிலத்தில் உனக்கு ஏது பங்கு என்று கைவிரித்தவர் அவன் அண்ணன் பரசுராமன். ஏழு வயது மகள் பூங்காவனத்தின் பேரில் பாகம் கேட்டு வேதா வழக்குப் போட்டாள். திருவண்ணாமலைக் கோர்ட்டுக்கு நடந்தே செருப்பு தேய்ந்தது. கீழ்பென்னாத்தூரில் தன் அண்ணன் வீட்டுச் சோறு. அண்ணி முகம் கொடுத்துப் பேசி மாதக் கணக்காகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பரசுராமன் தானாக இறங்கி வந்தார். சரிபாதி நிலம் மைனர் பேருக்கு. அவள் மேஜராகும் வரை பயிர் அவர் வைப்பார். பெண்ணும் அவர் வீட்டிலேயே வளரும். மைனர் விஷயம் என்பதால் கோர்ட்டு அனுமதி வேண்டும். அதற்குத்தான் இன்று வந்திருந்தார்கள்.

காலையில் வேதா வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தபோது பரசுராமன் பூங்காவனத்தை எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய்க் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்த பெண்ணின் உதட்டில் சிவப்பு இருந்தது. வாயில் பேச்சு இல்லை. வெயிலாக இருக்கும் என்று வேதா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளையை ஜனங்களுக்கு நடுவே கேட்க வேண்டாம் என்று முன்சீப் தாயையும் மகளையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு வக்கீல்களும் சுவரோரம் நின்றார்கள். பரசுராமனை வெளியே இருக்கச் சொன்னார். அரைக்கதவுக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன.

பெரியப்பா வீட்டில் இருக்க இஷ்டமா என்று முன்சீப் கேட்டதும் பூங்காவனம் தலையாட்டினாள். ஏன் என்று கேட்டார். அவள் கதவடியைப் பார்த்தாள்.

"நான் அங்க இருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு பெரியப்பா சொன்னாரு."

எதிர்வக்கீல் சிரித்துக்கொண்டே, குழந்தைப் பேச்சு என்றார். முன்சீப் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

கதவுக்குக் கீழே கால்கள் அசையவில்லை. தம்பி விழுந்ததுமே தூக்கத் தானும் கிணற்றில் குதித்ததாகப் பரசுராமன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அன்றைக்கு முதலில் ஓடிவந்து வேதாவிடம் சொன்னவரும் அவர்தான். அப்போது அவர் வேட்டியில் ஈரமே இல்லை. இத்தனை நாள் அது அவளுக்கு உறைக்கவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்த ராஜி உன் பெண்ணுக்கு நல்லதுன்னு நீ நினைக்கிறியாம்மா?" என்றார் முன்சீப்.

"வேணாங்க ஐயா. எங்களுக்கு ராஜி வேணாங்க."

முன்சீப் அனுமதி மறுத்து எழுதினார். வெளியே வந்ததும் ராமதாஸ் கோபித்துக்கொண்டார். இனி வழக்கு எத்தனை வருஷம் இழுக்குமோ, அதுவரைக்கும் ஊரில் உனக்கு யார் துணை என்று கேட்டார். பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

கீழ்பென்னாத்தூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. வேதா பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள். நெருக்கித் தள்ளும் கூட்டம். நடுவில், ஜன்னலோரம் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைத்திருந்தார். அவளைக் கண்டதும் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"குந்தும்மா. ஒரே வழிதானே."

கண்டக்டர் விசில் அடித்தார். பூங்காவனம் அம்மாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். பஸ் நகர்ந்த பிறகும் அவர் கை அந்தக் காலி இடத்தை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.