ஒலி நின்ற பின்னும்

ஹெட்போனில் தன் குச்சினைக் கேட்ட யுன்ஷுவுக்கு எது குறைகிறதென்று முதலில் பிடிபடவில்லை. அந்தப் பழைய சீன இசைக்கருவியின் ஏழு பட்டு நரம்புகளும் பழுதின்றி ஒலித்தன. சூச்சோ நகரின் அந்தச் சிறிய ஒலிப்பதிவு அறையில் காலையில் அவள் வாசித்ததேதான். ஆயினும், கைகளே இல்லாத ஒருவர் வாசித்ததுபோல் இருந்தது.

"உரசல எடுத்துட்டேங்க்கா," என்றான் ஒலிப்பதிவாளன் தாவோ, பெருமையை மறைக்காமல். "வியன்னாக்காரங்க கேட்டதும் அதானே? நரம்புல விரல் தேயுறது அவங்களுக்கு எலி பிறாண்டுற மாதிரி இருக்காம்."

வியன்னாவின் அந்த இசையரங்கத்தார் அப்படி எழுதியிருக்கவில்லை. பக்க ஓசைகள் நீங்கிய பதிவு இன்று மாலைக்குள் வந்தால் இலையுதிர்கால நிகழ்ச்சிகளில் ஓர் இடம் தருவதாகப் பணிவாகவே தெரிவித்திருந்தார்கள். வெளிநாடுகளில் இதுவரை அவளுடைய குச்சின் தேநீர் விருந்துகளுக்குப் பின்னணியாக ஒலித்திருக்கிறது. அது ஒலிக்கும்போதே மக்கள் வானிலையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதற்கென்றே ஒரு மேடை கிடைப்பது இதுவே முதல்முறை. உரசலை விட்டுக்கொடுக்கலாம் என்று அவள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டிருந்தாள். பெரிய அரங்கின் பின்வரிசைக்கு அது எப்படியும் எட்டாது.

அதற்குள் பதிவு சட்டென முடிந்துபோயிற்று.

"தாவோ, கடைசி எங்க?"

"அதுல ஒண்ணுமே இல்லியேக்கா. சத்தம் நின்னப்புறம் வெறும் காத்து. வெட்டிட்டேன்."

"சத்தம்தான் நின்னுச்சு. விரல் நிக்கல."

"விரல எப்படிக்கா கேக்குறது? டிக்கெட் வாங்குனவன் கோட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவான்."

அவள் சிரித்துவிட்டாள். "நான் வாசிக்கிறப்ப நீ எதப் பாக்குற?"

"திரையில ஓடுற ஒலிக்கோட்ட. வேற எத?"

"பதிவப் போட்டுட்டு இங்க வந்து உக்காரு."

"அப்ப இத வெட்டாமலே அனுப்பப் போறீங்களா? இடம் போயிடும்க்கா."

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நரம்புகளின்மேல் கை வைத்தாள். அவன் பொத்தானை அழுத்திவிட்டு, முனகிக்கொண்டே எதிரில் வந்து அமர்ந்தான்.

இறுதிப் பகுதியை மட்டும் அவள் வாசித்தாள். வலக்கை ஒருமுறை மீட்டி விலகியது. இடக்கைக் கட்டைவிரல் நரம்பை அழுத்தியபடி, பலகையில் பதித்த சிப்பிப் புள்ளிகளைக் கடந்து மெல்ல வழுக்கிச் சென்றது. ஒலி மெலிந்தது, பின் இல்லாமலாயிற்று. விரல் போய்க்கொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. தாவோவோ மூச்சை அடக்கி, காதை நரம்பின் பக்கம் சாய்த்து, இன்னும் குனிந்துகொண்டிருந்தான்.