ஐந்நூற்றெண்பது சோல் பெட்டி

"எங்க அண்ணன் ஐந்நூத்தெம்பதுல போற ஆளா, மதினி?"

நெப்தலி கேட்டது வீட்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் கேட்டான்.

ஒர்ஃபெலினா வாசலில் நின்றாள். புருஷன் தியோதோரோ விடியற்காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தான். உடம்பு அங்கே பிண அறையில் கிடந்தது. சவப்பெட்டி கொண்டுவந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து மைத்துனன் நெப்தலிக்குப் போன் போட்டு அவள் சொன்னது ஒரே விஷயம்தான்: "தொன் அபெலார்தோ கடை வாசல்ல நிக்குதே, அந்தப் பெட்டி போதும்."

திரும்பி வருவதற்குள் வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசை தெருவில் கிடந்தது. முன்னறைச் சுவரை மறைத்து ஊதா வெல்வெட் திரை. அதன் முன்னே ஆளுயரச் சிலுவை, இரண்டு பக்கமும் தங்கச் சாயம் பூசிய விளக்குக் கம்பங்கள். நடுவில் பெட்டி வைக்கிற தாங்கி காலியாக இருந்தது. ஒரு கம்பத்தின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான் ரோலி. அபெலார்தோவின் சவப்பெட்டிக் கடைக்கு ஆள் பிடிக்கிறவன். ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருப்பவன். எந்த வார்டில் யாருக்கு மூச்சு இழுக்கிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

"இதையெல்லாம் யார் விரிக்கச் சொன்னா?"

"நான்தான் சொன்னேன்," என்றான் நெப்தலி.

"மடக்கு, ரோலி."

ரோலி தொப்பியைக் கழற்றினான். முகத்தில் துக்கம் தயாராக இருந்தது. "விரிச்சத வெறுமனே மடக்கக் கூடாதுக்கா. மடக்கினா அந்த வீட்ல அடுத்த சாவு விழும். நான் சொல்லல, ஊர் சொல்லுது."

"எங்க வீட்ல விரிச்சியே, மடக்காம மூணு நாள் வச்சிருந்தியே," என்று சமையலறையிலிருந்து அடுத்த வீட்டு ஸோய்லாவின் குரல் வந்தது. "மாமனார் போன பின்னாடியே மாமியாளும் போனாளே. அதுக்கு என்ன சொல்லுது உன் ஊர்?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

ஐந்நூற்றெண்பது என்பது இந்தத் துறைமுகத்தில் ஒரு வசவு. சவப்பெட்டிக் கடைக்காரர்கள் ஏழைகளுக்கு மலிவுப் பெட்டியைக் கண்ணிலேயே காட்டுவதில்லை என்று புகார் மேல் புகார் போய், நுகர்வோர் அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த பெட்டியை முன்னால் வைக்க வேண்டும். அதன் விலை தெருவில் நின்று படிக்கிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். தொன் அபெலார்தோ உத்தரவுக்கு ஒரு சுழிகூடக் குறையாமல் நடந்துகொண்டார். ஒரு பலகைப் பெட்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். மீன்மாவு லாரிகளுக்கு அடிக்கிற அதே மஞ்சள். அட்டையில் எழுதி மாட்ட வேண்டிய விலையை, ஐந்நூற்றெண்பது சோல் காசு என்று, பெட்டியின் மேலேயே, இரண்டு பக்கமும், சாண் உயர எழுத்தில் கறுப்பாக எழுதி, வாசலில் வைத்தார். அதிகாரி வந்தார், தெருவில் நின்று படித்தார், திருப்தியாகப் போனார்.

அந்தப் பெட்டியை அதற்கப்புறம் ஒருவரும் வாங்கவில்லை. பந்து விளையாடும் பையன்கள்கூட, கோல் விட்டவனைப் பார்த்து, "போடா ஐந்நூத்தெம்பது" என்றார்கள்.

"இம்பீரியல் மாடல்க்கா," என்றான் ரோலி. "உள்ள பட்டு மெத்தை. கையிலிருந்து இப்ப ஒண்ணும் வேணாம். மாசாமாசம் கட்டுங்க. அடமானத்துக்கு நெப்தலி அண்ணன் உங்க வண்டியச் சொல்லிட்டாரு."

"எந்த வண்டி?"

நெப்தலி திரையைப் பார்த்தான்.

ஒர்ஃபெலினாவிடம் இருந்தது ஒரே வண்டிதான். மீன்மாவுத் தொழிற்சாலை வாசலில் விடியற்காலையில் அவள் ரொட்டியும் பொரித்த மீனும் சுடச்சுடப் பார்லித் தண்ணியும் விற்கிற மூன்று சக்கர வண்டி. தியோதோரோ போய்விட்டான். இனி அவள் சோறு அதில்தான்.

"என் வண்டிய நீ அடமானம் சொன்னியா?"

"மானம்னு ஒண்ணு இருக்குல்ல, மதினி. தடை முடிஞ்சு கடல் திறந்தா நான் படகுல எப்படி நிக்கிறது? வலை இழுக்கிறவன் ஒவ்வொருத்தனும் கேப்பான். அண்ணன மீன்பெட்டியில வச்சு அனுப்பினியாடான்னு."

"சரி. உன் பேர்ல எழுது. நீ கட்டு."

"நானா? எனக்கு மூணு பிள்ளைங்க. அதுவும் மீன்பிடித் தடையில கடல் இப்ப மூடிக் கெடக்கு."

"உங்க அம்மாவுக்கு இதே இம்பீரியல்தானே எடுத்தோம். அப்பவும் நீதான் மானம்னு சொன்ன. யார் கட்டினது?"

கட்டியது தியோதோரோ. எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிழவியின் பெட்டி மண்ணுக்குள் மக்கிய பிறகும் தவணை மக்கவில்லை. மீன் வேகும் கொதிகலன் பக்கத்தில் நின்று நின்று தியோதோரோவின் நெஞ்சு கெட்டது. வேலையை விடு என்றார் டாக்டர். தவணை முடியட்டும் என்றான். போன வருஷம் தவணை முடிந்தது. நெஞ்சும் முடிந்திருந்தது.

ஒர்ஃபெலினாவுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, அதற்குக்கூடத் தெம்பில்லை. மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே கழித்திருந்தாள். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. அவள் அப்படியே திரும்பித் தெருவில் இறங்கினாள்.

"எங்க மதினி போறீங்க?"

"பெட்டி வாங்க."

ஊரே மரியாதையாகத் 'தொன்' என்று கூப்பிடுகிற அபெலார்தோ நல்ல மனிதர். திருவிழாவுக்குத் தாராளமாகத் தருவார், சாவு வீட்டுக்கு வந்தால் கடைசிவரை நிற்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தியோதோரோ மாதிரி ஒரு உழைப்பாளி இனிமே பொறந்துதான் வரணும்மா. ரோலி எல்லாம் சொன்னான். இம்பீரியல எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

"எனக்கு அது வேணாம், தொன் அபெலார்தோ. இந்த மஞ்சப் பெட்டியக் குடுங்க. காசு கொண்டாந்திருக்கேன்."

அவர் கையை விட்டார்.

"அது விக்கிறதுக்கு இல்லையேம்மா."

"விலை போட்டிருக்கே."

"விலை போடணும்னு உத்தரவு. போட்டிருக்கேன். முன்னால வைக்கணும்னு உத்தரவு. வச்சிருக்கேன். இத உனக்கு வித்துட்டா முன்னால என்ன இருக்கும்? வெறுந்தரை. நாளைக்கே அதிகாரி வந்து அபராதம் போடுவான். சட்டத்த மீறச் சொல்றியா என்ன?"

"இதே மாதிரி வேற ஒண்ணு குடுங்க."

"வேற இல்லை. தச்சன்கிட்ட சொன்னா அடுத்த வாரம் ஆகும். அதுவரைக்கும் தியோதோரோவ..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை. "வேணும்னா அலுவலகத்துல புகார் குடும்மா. உன் உரிமை அது. நான் தடுக்க மாட்டேன். முப்பது வேலை நாள்ல பதில் போடுவாங்க."

பிணத்துக்கு முப்பது வேலை நாள் ஏது? ஒர்ஃபெலினா கடையைச் சுற்றிப் பார்த்தாள். உட்கார ஒரு நாற்காலி இல்லை. சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள், மூடி திறந்து, உள்ளே பட்டும் சரிகையும் காட்டி நின்றன. கால் விண்விண் என்று தெறித்தது. அவள் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஐயய்யோ! பெட்டி மேல உக்காராதம்மா!"

"விக்கிறதுக்கு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. விக்காத பெட்டி பெஞ்சுதானே."

"சாமி குத்தம்மா அது."

"சாமிக்கும் கால் வலி தெரியும்."

அவள் செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். கருவாட்டுக் கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன ஒர்ஃபெலினா, இங்க உக்காந்திருக்க?"

"தியோதோரோவுக்குப் பெட்டி கேட்டேன். இது காட்றதுக்குத்தானாம், குடுக்கிறதுக்கு இல்லையாம்."

கூடைகள் கீழே இறங்கின. ஒன்று சொல்ல வேண்டும்: இந்த ஊர்ப் பெண்கள் பத்தில் எட்டுப் பேர் அபெலார்தோவுக்கு ஏதாவது ஒரு பிணத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள். கடைக்குள் ஏறத் தயங்குவார்கள். தெருவில் நிற்க யாரும் தயங்குவதில்லை. ஸோய்லா வந்தாள். கையில் ஒரு குவளை டீ. கடைக்காரரைத் தாண்டிப் போய்க் கொடுத்தாள்.

"குடிக்கா. எவ்வளவு நேரமானாலும் உக்காரு. மதியச் சோறும் இங்கயே கொண்டாந்துடறேன்."

மலையடிவாரத்திலிருந்து ஒரு குடும்பம் வாசலுக்கு வந்தது. கறுப்புச் சட்டை, சிவந்த கண்கள். நல்ல வியாபாரம். வந்தவர்கள் பெட்டி மேல் வெறுங்காலோடு டீ குடிக்கிற விதவையைப் பார்த்தார்கள், அவள் காலுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த விலையைப் பார்த்தார்கள், பட்டு வைத்த பெட்டிகளைப் பார்த்தார்கள். பெரியவர், "இங்க இந்த விலைக்கும் பெட்டி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அபெலார்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எழுந்திரும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "எடுத்துட்டுப் போ. எழுத்த அழிக்கணும்னா பெயிண்டுக்குத் தனிக் காசு."

"வேணாம். அழிக்கிற காசுக்கு ஒரு வாரத்துக்கு மாவு வாங்குவேன்."

தியோதோரோ அன்று ராத்திரி மஞ்சள் பெட்டியில் வீட்டுக்கு வந்தான். அவள் திரும்பும்போது திரையும் கம்பமும் போயிருந்தன. விரித்ததை ரோலியே மடக்கி எடுத்துப் போயிருந்தான். அடுத்த சாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம். கிடைத்த நாற்காலிகள் இரண்டின் மேல் பெட்டியை வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், விலையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.

மறுநாள் எடுக்கிற நேரம். இங்கே பெட்டியைக் கூட வேலை செய்தவர்கள் தோளில் தூக்குவார்கள். தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, தலைப்பக்கம் மூன்று முறை தாழ்த்துவார்கள். செத்தவன் வேலையிடத்துக்குச் சொல்கிற விடை அது. கொதிகலன் ஆட்கள் வந்திருந்தார்கள். தெருவில் நின்றார்கள், சிகரெட் பிடித்தார்கள், கால் மாற்றி நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. தோளுக்கு மேல் ஒரு விலையைச் சுமந்து ஊரைச் சுற்ற யாருக்கு மனசு வரும்?

நெப்தலி ஓர் ஊதாத் துணியோடு வந்தான். "இத மேல போட்டுத் தூக்கிடலாம், மதினி. எல்லாரும் வருவாங்க. நான் பேசிட்டேன்."

ஒர்ஃபெலினா துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வெல்வெட்.

"இது ரோலியோடது."

"ஒரு நாள் வாடகைதான்."

"எடுத்துட்டுப் போ."

"அண்ணனோட மானத்துக்குச் சொல்றேன்..."

"உங்க அண்ணன் பதினெட்டு வருஷம் அந்தப் புகையில நின்னான். அவன் மானம் துணிக்கு அடியிலயா இருக்கு?" அவள் குரல் உயரவில்லை. உயர்த்த வலுவில்லை. "தூக்கறவன் தூக்கு. தூக்காதவன் வழி விடு."

யாரும் அசையவில்லை. இரவு பஸ்ஸில் லீமாவிலிருந்து வந்திருந்த மகள் யெசெனியா எழுந்து அப்பனின் தலைமாட்டில் குனிந்தாள். எதிர்ப்பக்கம் ஸோய்லா.

"பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லையே," என்றார் ஒரு கிழவர்.

"தவணை கட்டற வழக்கம் மட்டும் எங்களுக்கு இருக்கா?" என்றாள் ஸோய்லா. "எங்க மாமியாளுக்கு இன்னும் கட்டறேன், பெரியப்பா. அந்தப் பாரத்துக்கு இது பஞ்சு."

கருவாட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கால்மாட்டுக்கு ஒர்ஃபெலினாவும் இன்னொருத்தியும். உயரம் ஒத்துவராமல் பெட்டி சாய்ந்தது. தெருமுனை வரை தடுமாறியது. அப்புறம் அடி ஒத்துவந்தது. மெயின் ரோட்டில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு பையன் எழுத்துக் கூட்டி விலையைச் சத்தமாகப் படித்தான். அவன் அம்மா தலையில் ஒன்று போட்டாள். தொழிற்சாலை வாசலில் மூன்று முறை தாழ்த்தினார்கள். காவல்காரன் தொப்பியை எடுத்தான். கொதிகலன் ஆட்கள் இருபதடி பின்னால் வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் நெப்தலி, துணியை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி. கல்லறைவரைக்கும் அந்தத் தூரம் குறையவில்லை.

ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் ஒர்ஃபெலினா வண்டியை எடுத்தாள். தொழிற்சாலை வாசலில் ஆட்கள் பழையபடி வந்து குடித்தார்கள். "ஐந்நூத்தெம்பது, ரெண்டு ரொட்டி" என்று யாராவது இளவட்டம் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் ரொட்டியைக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவாள். அபெலார்தோவின் கடை வாசலில் புதிய மஞ்சள் பெட்டி வந்துவிட்டது. எழுத்து இப்போது இன்னும் பெரியது. சட்டத்துக்கு இன்னும் அதிகமாகக் கீழ்ப்படிந்திருந்தார்.

ஒருநாள் காலையில் கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றாள். எடைமேடையில் மூட்டை தைக்கிறவள். வாங்கிய பார்லித் தண்ணி கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"எங்க அப்பா போயிட்டாருக்கா. நேத்து சாயங்காலம்," என்றாள். "ரோலி வந்து எல்லாத்தையும் விரிச்சிட்டான்."

ஒர்ஃபெலினா அடுப்பைத் தணித்தாள்.

"அந்த மஞ்சப் பெட்டி... கேட்டா குடுக்கறாராக்கா?"

"கேட்டா குடுக்க மாட்டாரு," என்றாள் ஒர்ஃபெலினா. "போய் அது மேல உக்காரு."