பெற்றோர் கையெழுத்துக்கான இடம்

1

இதை நான் கட்டுரையாகத்தான் எழுதியிருக்க வேண்டும். மும்பை செம்பூரில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, பிள்ளை ராணுவத்தில் சேர நினைத்தால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். என் கடைசி மகள் பரீஹாவுக்கு அப்படி ஓர் எண்ணம் வந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கட்டுரை என்றால் உண்மையை எழுத வேண்டும். வீட்டு விஷயம் வெளியே போகும். கதை என்றால் எல்லாம் கற்பனை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்தும் ஒரு கண்ணியமான மனிதருக்கு ஒரு மகன் இருந்தான்.’

பரீஹா தமிழைக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை இழப்பாள். அதனால் என் மனைவி அக்தர் பானு அவளுக்கு உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மூணும் பொண்ணாப் பெத்திருக்கேன். எனக்குத் தெரியாம இது யாரு?”

மகன் நீக்கப்பட்டான். [கண்ணியமான மனிதர் இருக்கட்டும்.]

3

அந்த மனிதர் ஏன் தயங்குகிறார்? பெண் என்பதால் அல்ல. மூத்தவர்கள் இருவரையும் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். காரணம் மானம். மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்தில் யாரும் இன்னொருவரிடம் சம்பளம் வாங்கியதில்லை, யார் சொல்லுக்கும் கைகட்டி நின்றதில்லை. அவர் மகளை யாரோ ஒருவர் அதட்டி வேலை வாங்குவதா?

இன்னொரு காரணமும் உண்டு. எல்லையில் ஒரு நாள்—

(இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன். முடிக்க மாட்டேன். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலாவது இதுதான். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

4

பரீஹாவுக்குப் பதினெட்டு வயதாக ஐந்து மாதம் இருந்தது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் படிவம் செல்லாது. விசாரிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கம் அல்ல. [‘அவர் வழக்கம்’ என்று திருத்த வேண்டும். இனித் திருத்தி என்ன பயன்.] ஓய்வுபெற்ற ஹவில்தார் ஜாபெஸ், மான்குர்த் பகுதி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார். ஒரு ஞாயிறு காலை பெற்றோரை வரச் சொன்னார். பதினொரு கேள்விகளை எழுதிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

கட்டுரை கேட்டவர்களுக்காகச் சில பதில்கள்: அக்னிவீர் என்றால் நான்கு ஆண்டு. முடிந்ததும் நால்வரில் ஒருவருக்குத்தான் தொடர வாய்ப்பு. மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. அந்த நான்கு ஆண்டும் கல்யாணம் கூடாது. (இதைக் கேட்டதும் பரீஹாவின் முகம் போன போக்கை நான் வர்ணிக்கப்போவதில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.)

பிறகு ஜாபெஸ் அவளிடம், “நீ எதுக்கும்மா சேரணும்?” என்று கேட்டார்.

“நாட்டுக்குச் சேவை செய்ய,” என்றேன் நான்.

“பாய், நான் பிள்ளைட்ட கேட்டேன்.”

“எனக்கு ஓடப் புடிக்கும் சார்,” என்றாள் பரீஹா. “அப்புறம், அங்க ஆர்டர் போட ஒரே ஆளுதான்னாங்க.”

நான் நிமிர்ந்தேன். “எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் ஆர்டர் கேட்டு—”

“நான் கேட்டுட்டுத்தான இருக்கேன் வாப்பா. நீங்க, உம்மா, பெரியவாப்பா, சாச்சா, ரெண்டு ராத்தா. மொத்தம் ஆறு பேரு. நீங்க போன்னா உம்மா போகாதங்கறாங்க. சாச்சா துப்பட்டாவ மாத்துங்கறாரு, ராத்தா இதுவே டீக் ஹைங்கறா. அங்க ஒருத்தரு சொல்வாரு, நான் செய்வேன். பஸ், அவ்ளோதான்.”

“பாய்,” என்றார் ஜாபெஸ், “பாதி ட்ரெய்னிங்க வீட்லயே முடிச்சுட்டீங்க போல.”

மைதானமே சிரித்தது. நான் அடக்கிப் பார்த்தேன். பிறகு மூன்று தலைமுறை மானத்தோடு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மீதிக் கேள்விகளைக் கேட்கவில்லை.

5

முடிவு ஒன்று: தந்தை மறுக்கிறார்; ஐந்து மாதம் கழித்து மகள் யார் கையெழுத்தும் இல்லாமல் போகிறாள்.

முடிவு இரண்டு: தந்தை சம்மதிக்கிறார், மகள் முதலாவதாக ஓடி வருகிறாள், சங்கத்தில் தந்தைக்குப் பொன்னாடை. (இதற்கு நான்கு பக்கம் ஆயிற்று. பொன்னாடைக்கு மட்டும் ஒன்றரை.)

அக்தர் பானு இரண்டையும் வாசித்து முடித்தாள்.

“கதைலயும் நீங்கதான் ஆர்டரா வாப்பா?” என்றாள் பரீஹா. “அப்ப கதை எழுதுற நீங்க ஏழாவது ஆளு.”

நான்கு பக்கத்தையும் அடித்தேன். அதே பேனாவால் படிவத்தில் ஜெயினுலாப்தீன் என்று கையெழுத்திட்டேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, எங்கள் வீட்டுக் கையெழுத்து அப்படித்தான்.

6

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். இன்று ஓட்டம்: ஆயிரத்து அறுநூறு மீட்டர், நான்கு சுற்று. வேலிக்கு வெளியே நின்று இதை எழுதுகிறேன். பரீஹா கோட்டில் நிற்கிறாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எழுதுனது போதும்,” என்கிறாள் அக்தர் பானு. “பிள்ளையப் பாருங்க.”

கிளம்பிவிட்டார்கள். அவள் எத்தனையாவதாக வருவாள் என்று நான் எழுதப்போவதில்லை. வாசகரே, என் கண்ணுக்கு எட்டாத அந்த வளைவில் நீங்கள் நில்லுங்கள். அவள் உங்களைக் கடக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கை தட்டுங்கள். வேகமாக ஓடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.