மூலைச் சுவர்

தீயணைப்பு வண்டி எங்கள் தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. அதன் மூக்குக்கும் என் அக்கா வீட்டு மதில் சுவருக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. தெருவின் மறுகோடியில் என் தச்சுப் பட்டறை எரிந்துகொண்டிருந்தது. மாடியில் என் மனைவி இருந்தாள். இறங்கும் படிக்கட்டு பட்டறைக்குள்ளேதான் இருக்கிறது. பலகை வாங்கப் போயிருந்த நான் ஓடிவந்து பார்த்தால், ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் கை மட்டும் தெரிகிறது.

"இங்கருந்து குழாய் எட்டாது. வேற வழி இருக்கா?" என்று கேட்டார் வண்டி ஓட்டுநர்.

இருந்தது. மைதானத்தின் குறுக்கே போனால் பட்டறை வாசலுக்கே போய்விடலாம். ஆனால் மைதானத்தின் இரண்டு வாயில்களிலும் நெடுகக் கல்தூண்கள். லாரி எதுவும் உள்ளே வரக் கூடாது என்று கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி நட்டவன் நான்தான். யானை முட்டினாலும் அசையாது என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

ஊர் பெருத்துவிட்டது, தெரு மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது. போன வருஷமே நகராட்சிப் பொறியாளர் இரண்டு வழி சொன்னார். அக்கா தன் சுவரை மூன்றடி உள்ளே தள்ளினால் முனையை அகலப்படுத்தலாம். இல்லையென்றால் மைதானத்தைப் பிளந்து புதுச் சாலை போட வேண்டும். அக்கா மைதானத்துக்காகக் கொடி பிடித்தாள். இருக்கிற ஒரே வெட்டவெளி, அதையும் விட்டால் மூச்சு விட எங்கே போவது என்று கேட்டாள். தெருவே அவள் பின்னால் நின்றது. சுவர் பேச்சை எடுத்தால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது.

அதைப் போட்டு உடைத்தவள் என் மனைவி. "ஊர் இடத்துக்கு இவ்வளவு பேசுறீங்களே அண்ணி, உங்க மூணு அடிக்கு யாரு பேசுறது?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் நான் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம்.

"யாரு சுவருங்க இது? இடிச்சாதான் வண்டி திரும்பும்!" ஓட்டுநர் கத்தினார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் வாசலில் நின்றாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, கொத்தனார். அவர் போய்ச் சேருவதற்கு முன் தன் கையால் கட்டிய கடைசிச் சுவர் அது. எனக்கு அது தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா!" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். கூடப் பிறந்தவள்தான், ஆனாலும் அந்த நேரத்தில் அவளை அடியோடு வெறுத்தேன். ஜன்னலில் தெரிந்த கையையும் இப்போது காணவில்லை.

அக்கா வெளியே வந்தாள். கையில் மாமாவின் கடப்பாரை.

"என்னடா வேடிக்கை பாக்குறீங்க? இடிங்கடா!"

முதல் இடி அவளுடையது. பிறகு தெருவே சுவரில் பாய்ந்தது. நான் கையாலேயே செங்கல்லைப் பிடுங்கினேன், நகம் பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை, அவர் பூச்சும் விடவில்லை. கடைசியில் சுவர் சரிந்தது. வண்டி செங்கல் மேல் ஏறி, குலுங்கி, திரும்பிவிட்டது.

தண்ணீர் அடித்தார்கள், ஜன்னல் கம்பியை அறுத்தார்கள். என் மனைவியைத் தோளில் போட்டு இறக்கியபோது தெரு முழுக்கப் புகை. கல்தூண்களுக்கு இடையே நுழைந்து மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேதான் காற்று இருந்தது. புல்லில் கிடத்தியதும் இருமினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

அக்கா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுவர் போச்சா அண்ணி?" என்றாள் என் மனைவி, கரகரத்த குரலில்.

"போச்சு."

"மூணு அடியா?"

"அஞ்சு." அக்கா முந்தானையால் அவள் முகத்துக் கரியைத் துடைத்தாள். "மூணு ரோட்டுக்கு. ரெண்டு உனக்கு. இப்பவாவது வாயை மூடிக்கிட்டு மூச்சு விடுடி."