கடன் பூசை

பூசையில் தூங்குவது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் யுத்தம் நடந்த அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ராஜபாளையத்திலிருந்து ஏழு மைல், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் குலுங்கிப் போய், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயிலில் பெண்கள் பக்கத்துக் கடைசித் தூணில் சாய்ந்து நான் தூங்கத்தான் செய்தேன். சாமியார் பீடத்தைப் பார்த்துக்கொண்டு லத்தீனில் முணுமுணுப்பார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. புரியாத பேச்சைப்போல் தூக்கத்துக்கு உகந்தது வேறில்லை. அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்ததும் விழித்து மார்பில் தட்டிக்கொள்வேன். மறுபடி கண் சொக்கிவிடும்.

என் வீட்டுக்காரர் தவசிமுத்து கொத்தனார். ஆடி மாசம் ஒரு கட்டடத்தில் சாரம் முறிந்து விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். ஆள் நல்ல வாட்டசாட்டம். நான் அவர் தோள் உயரம். பகலும் ராத்திரியும் புரட்டிப் புரட்டி, உட்கார்ந்த இடத்தில் அசந்து, திடுக்கிட்டு எழுந்து, என் பெயரே எனக்கு மறந்துபோகிற மாதிரி இருந்தது. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

முதல் இரண்டு மாசம் நான் பூசைக்கே போகவில்லை. ஞாயிறு தவறாமல் பூசை காணும் கடன் நோயாளிக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் நோயாளி இல்லையே. கடன் பூசையை வேண்டுமென்று விட்டால் சாவான பாவம் என்று சின்ன வயசில் மனப்பாடம் செய்தவள். அவருக்கு மோட்சம், எனக்கு நரகமா என்று அழுகையாக வந்தது. புருஷனைப் புரட்டிவிட்டதற்கு நரகம் என்றால் அது என்ன நியாயம் என்று கோபமும் வந்தது.

அப்போதுதான் அவருடைய அக்கா மிக்கேலம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலுக்குப் பின்னாலேயே மகன் வீட்டில் இருந்தாள். ஒத்தாசைக்கு வா என்றால் வந்திருக்க மாட்டாள். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, ஆயிரம் காரணம் வைத்திருப்பாள். பூசை காணப் போகணும் என்று சொன்னதால் அவளால் மறுக்க முடியவில்லை. ஒருத்தியைப் பாவத்தில் விட்ட பழி யாருக்கு வேண்டும்? சனிக்கிழமை சாயங்காலம் முணகிக்கொண்டே வருவாள், ஞாயிறு மத்தியானம் முணகிக்கொண்டே போவாள்.

கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு முந்தி பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, பூசையில் தூங்குகிறேன் சாமி என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, நோயாளியைப் பார்க்கிறவளுக்குப் பூசைக் கடன் கிடையாது, அதிலும் ஏழு மைல் தாண்டி வர வேண்டியதே இல்லை, வீட்டிலேயே ஜெபமாலை சொன்னால் போதும் என்றார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் கடன் இல்லை என்று தெரிந்தால் மதினி வருவாளா?

வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். நாலு மாசம் அப்படியே ஓட்டினேன். பூசைக்குப் போவதே எனக்குத் திருட்டாகிவிட்டது.

உயிர்த்த திருநாளை ஒட்டிய பாஸ்குக் காலத்தில் சாமியார் நோயாளிகளுக்கு வீடு வீடாக நன்மை என்னும் திவ்விய அப்பம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மேஜையில் வெள்ளைத்துணி விரித்துப் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்திருந்தேன். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மதினியும் சுவரோரம் முழங்கால் போட்டாள். என் வீட்டுக்காரர் நன்மை வாங்கினார். எல்லாம் முடிந்து சாமியார் குடையை எடுக்கும்போது மதினி முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, இவ பூசை காணணும்னு நான் இங்க வந்து காவல் இருக்கேன். கோயிலுக்குப் பின்னால வீட்ட வச்சுக்கிட்டு ஆறு மாசமா எனக்குப் பூசையே இல்ல. எனக்கு அது சாவான பாவமா?"

இத்தனை நாள் முணகலுக்குள் இந்தப் பயம் இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை.

பாவமே இல்லை, நோயாளிக்குத் துணை இருப்பதும் சர்வேசுரனுக்கு ஊழியம்தான் என்று சாமியார் அவளைத் தேற்றினார். மதினி கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு, "அப்ப இவளுக்கும் கடன் இல்லதான சாமி?" என்று கேட்டாள்.

சாமியார் என் பக்கமே திரும்பவில்லை. தொட்டியில் கேட்ட ரகசியம் கண்ணில்கூடத் தெரியக் கூடாதல்லவா. ஆனால் பொய்யும் சொல்ல முடியாது. அவளுக்கும் இல்லை என்றார்.

"அப்ப நான் எதுக்கு வாரம் தவறாம இந்தக் காலை இழுத்துக்கிட்டு வரணும்?" மதினி அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

கட்டிலிலிருந்து அவர் பேசினார்.

"அக்கா, அவ பூசை காணப் போகல. தூங்கப் போறா. திரும்பி வாரப்ப மூஞ்சியப் பாத்தாலே தெரியும். வாரத்துல அவளுக்கு இருக்கது அந்த ஒரு பொழுதுதான். அதுக்காவ வருவியா, மாட்டியா?"

சாமியாரை வைத்துக்கொண்டு இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று என் உடம்பு கூசிப்போனது. இருந்தாலும் விழுந்த நாளிலிருந்து யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன் எனக்காகக் கேட்டார். இன்னும் இரண்டு நோயாளி இருக்கிறது என்று சாமியார் நழுவினார். மதினி கொண்டு வந்த பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கே போய்விட்டாள். மறுநாள் ஞாயிறு நான் எங்கும் போகவில்லை.

அந்த வாரம் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. புரட்டினேன், துடைத்தேன், கஞ்சி காய்ச்சினேன். வெள்ளிக்கிழமை புரட்டும்போது அவர்மேலேயே சரிந்து விழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மதினி வந்து பையைக் கீழே போட்டாள். "எம் புருசன் ரெண்டு வருசம் கெடந்தாரு. ஏன்னு கேக்க ஒருத்தர் வரல எனக்கு" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அப்புறம், "இனிமே பூசை கீசைன்னு அலைய வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். இங்கயே படு" என்றாள்.

படுத்தேன். தூக்கம் எங்கே வருகிறது? அவர் ஒரு தடவை முனகினால் என் கை தானாக எழுந்தது. மதினி அவரைப் புரட்டினாள். நானும் எழுந்து நின்றேன். படு என்று அதட்டினாள். படுத்தேன், அடுத்த முனகலுக்கு மறுபடி எழுந்தேன். விடியும்போது நான் முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். வீட்டுக்குள் இருக்கிறவரை எனக்குத் தூக்கம் கிடையாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மதினிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொடியில் கிடந்த என் சேலையை எடுத்து என்மேல் போட்டாள்.

"கடன் இல்லன்னுதான சாமி சொன்னாரு? போகக் கூடாதுன்னு சொல்லலையே. எந்திரிட்டி, பஸ்ஸு போயிரும்."